குளக்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி

மாத்தளையிலிருந்து தம்புள்ள நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அலுவிகாரையைக் கடந்தால் பலாபத்வல வருகின்றது. கலேவெலப் பக்கம் போகும் பாதை பிரிவது அங்கேதான். கடைகள் சூழ்ந்த ஒரு சந்தி. சுற்றிலும் மிளகுக் கொடியும் கொக்கோவும் தென்னையும். சென்ற விடுமுறையின்போது, சித்திரத்தில் ஆர்வமுள்ள மாணவர் சிலரும் ஆசிரியர் இருவரும் நாமுமாக அந்தச் சந்தியில் கூடி வடக்கே செல்லும் பேருந்தில் ஏறினோம். நாலந்தவிலே, கெடிகே என்னும் பழைய கற்கோயிலைச் சூழ்ந்து கிடக்கும் நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு பகல் முழுவதும் அமர்ந்து வரைவது எமது நோக்கம். ஆளுக்கு ஒரு தாள் அட்டை, இரண்டு பென்சில், ஒரு சிறிய நீர்வண்ணப் பெட்டி, தண்ணீருக்கு ஒரு தகரக் குவளை. இவ்வளவே எமது படைக்கலம்.

நண்பகலில் வரைந்த தாள்களைப் புல்லின்மேல் பரப்பி, காற்றில் பறந்துவிடாமல் மூலைக்கொரு கல் வைத்துப் பார்த்தோம். 12 தாள்கள் இருந்தன. கோடுகள் பலவற்றில் நல்ல துணிவு இருந்தது. நீரின் மேற்பரப்பைக் காட்டத் தாளை வெறுமையாக விட்டுவிடத் தெரிந்த கைகளும் அவற்றிலே இருந்தன. அது பழக்கமில்லாதவருக்கு எளிதில் வருவதன்று. ஆனால் ஒன்றைக் கண்டு நாம் திடுக்கிட்டோம். காலை முழுவதும் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை 9 பேர் தம் படங்களிலே சேர்த்திருந்தனர். ஒன்பதிலும் அவள் ஒரு சிவப்புப் புள்ளி. பச்சையும் சாம்பலும் நிறைந்த காட்சியின் ஓரத்தில், தூரிகை நுனியால் தொட்டு வைத்த ஒரு சிறு சிவப்பு. அவ்வளவுதான்.

அந்தப் பெண் அன்று சிவப்பு உடுத்தியிருக்கவில்லை. பலமுறை துவைத்து வெளிறிய சாம்பல் நிறச் சீத்தைத் துணிதான் உடுத்தியிருந்தாள்.

கண் காணாத நிறத்தைக் கை எங்கிருந்து எடுத்தது? இதைக் கேட்டால் மாணவர்களைக் குறை சொல்வதாகாது. இயற்கைக் காட்சி என்றதும் இரு மலைகளுக்கிடையே பாதிச் சூரியன், ஒரு தென்னை, ஓர் ஓலைக்குடில், வளைந்து வரும் ஆறு, வானத்தில் பறவைகளுக்காக நாலைந்து வளைகோடு என்று வரைந்து வளர்ந்தவர்கள்தாம் நாமெல்லாரும். சூரியன் இரு மலைகளின் நடுவே உதிப்பதைக் கண்ணால் காணாத கரையோரப் பிள்ளைகளும் அப்படியே வரைந்தார்கள், புள்ளியும் பெற்றார்கள். அந்தப் பாடத்திலிருந்து வெளியேறித்தான் திறந்த வெளியில் அமர்ந்து வரையச் சென்றோம். வெளியே சென்றாலும் பாடம் கூடவே வந்துவிட்டது என்பதைத்தான் அந்த ஒன்பது புள்ளிகள் எமக்குக் காட்டின.

திறந்த வெளியில் அமர்ந்து காட்சியைப் பென்சிலால் குறித்து, அதன்மேல் நீர்வண்ணம் தீற்றும் பழக்கம் எம்மிடையே எப்படி வந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும். இது மெல்லிய உள்ளங்களின் ஓய்வுநேரக் கலையாக மட்டும் பிறந்ததன்று. பீரங்கிப் படையினருக்கும் பொறியியலாளருக்கும் இங்கிலாந்து பயிற்சி தந்த வூலிச் இராணுவக் கல்லூரியில் 1768இல் சித்திர ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் போல் சான்ட்பி; ஆங்கில நீர்வண்ண ஓவியத்தின் தந்தையென்று போற்றப்படுபவரும் அவரே. மேடு எது, பள்ளம் எது, ஆறு எங்கே திரும்புகின்றது, கோட்டையை எங்கிருந்து நோக்கலாம் என்று விரைவாக வரைந்தெடுப்பது அன்றைய படை அதிகாரிக்கு வேண்டிய கல்வி. எளிதில் உலரும் வண்ணக் கட்டிகள் சட்டைப் பைக்குள் அடங்கும் பெட்டியிலே விற்பனைக்கு வந்ததும் அந்நூற்றாண்டின் கடைசியில்தான். இலங்கைக் காட்சிகளை முதன்முதல் அச்சிட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றோர் பட்டியலைப் பாருங்கள். 1808இல் சாமுவேல் டானியல் படத்தொகுதி வெளியிட்டார், அவர் படைவீரரல்லர். ஆனால் 1819இல் லிட்டில்டன், 1845இல் டெஷாம்ப்ஸ், 1864இல் ஓப்ரையன் ஆகியோர் படை அதிகாரிகள். கண்டி இராச்சியம் வீழ்ந்தது 1815இல். நாடு கைப்பற்றப்பட்டபின் காட்சி கைப்பற்றப்பட்டது.

படைக்கலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதுதான் எழிற்காட்சிக் கொள்கை. வில்லியம் கில்பின் என்னும் பாதிரியார் இங்கிலாந்தின் வடபகுதி மலைகளையும் ஏரிகளையும் சுற்றி வந்து 1786இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏரிக்கரையில் நின்று எதை எவ்வாறு பார்க்கவேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்தவர் அவர். மனிதரைப் பற்றி அவர் கூறுவது கவனத்துக்குரியது. ஒழுக்க நோக்கில் உழைக்கும் தொழிலாளி இனியவனாகலாம். எழிற்காட்சியின் நோக்கிலோ சும்மா சாய்ந்து கிடக்கும் நாட்டுப்புறத்தானே பொருத்தமானவன் என்பது அவருடைய முடிவு. இதனை அவர் ஒளித்துச் சொல்லவில்லை. அந்த அளவில் அவர் நேர்மையாளர். வேலை செய்பவன் காட்சியைக் கெடுக்கின்றான். அவன் வேலையை நிறுத்தி, முகமில்லாமல், சிறிதாகி, தூரத்தில் நிற்க ஒப்புக்கொண்டால் ஓவியத்தில் இடமுண்டு. அப்போது அவனுக்கு இரண்டு பணிகள்: மரம் எவ்வளவு உயரம் என்பதற்கு அவன் அளவுகோல், பச்சைக்கு எதிராக அவன் ஒரு சிவப்பு.

சிவப்பின் ஆற்றல் ஓவியர்களுக்கு நன்கு தெரியும். 1832இல் இலண்டன் அரச கலைக்கழகக் கண்காட்சியில் டேர்னரின் சாம்பல் நிறக் கடற்காட்சிக்கு அருகே கான்ஸ்டபிளின் வண்ணம் மிகுந்த படம் தொங்கியது. டேர்னர் வந்து பார்த்தார். தம் கடலின்மேல் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு செந்நிறப் பொட்டை வைத்துவிட்டுப் போனார். பின்னர் அதை ஒரு மிதவையாகத் திருத்தினார். அந்த ஒரு பொட்டில் பக்கத்துப் படம் மங்கிப்போயிற்று என்பது ஓவிய உலகம் அடிக்கடி சொல்லி மகிழும் கதை. நாமும் மகிழ்கின்றோம். ஆயினும் மிதவையைப் பொட்டாக்குவதும் மனிதனைப் பொட்டாக்குவதும் ஒன்றல்ல.

இனி எமது சாலைக்கே திரும்புவோம்.

1846இல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்க வந்து சேர்ந்தார் அன்ட்ரூ நிக்கல். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகன். அச்சகத்தில் தொழில் பயின்றவர். தம் முயற்சியால் ஓவியரானவர். காட்டுப் பூக்கள் நிறைந்த கரையொன்றை முன்னே நிறுத்தி, அவற்றின் ஊடாகத் தொலைவிலுள்ள கடலையோ ஊரையோ காட்டுவது அவருடைய தனி முத்திரை. பூவின் தண்டும் புல்லின் நுனியும் ஒளிபெற, வண்ணம் தீட்டிய தாளைக் கூர்மையாகச் சுரண்டி வெண்மையை வெளிக்கொணர்வார். கைத்திறனில் அவரைக் குறை சொல்ல இயலாது. காடு மூடிக் கிடந்த பழைய நகரங்களைத் திருத்தியமைக்கும் வேலை தொடங்குமுன் அவை இருந்த நிலைக்கு அவருடைய நீர்வண்ணங்கள் மதிப்புமிக்க சான்றுகள். கொழும்பு அருங்காட்சியகம் அவற்றைப் பேணி வருவது தகும்.

1848இல், குடியேற்ற நாட்டுச் செயலாளரும் தம் பழைய ஊர்ப் புரவலருமான சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்டுடன் நிக்கல் உள்நாட்டுக் காடுகளுக்குச் சென்றார். பாழடைந்த கோயில்கள், பெருஞ்சிலைகள், குளங்கள், தாகபைகள் ஆகியவற்றை வரைந்த அந்த ஐந்து வாரச் சித்திரப் பயணத்தைப் பற்றி 1852இல் டப்ளின் சஞ்சிகையொன்றில் எழுதவும் செய்தார். 1859இல் வெளிவந்த டெனன்டின் புகழ்பெற்ற இலங்கை நூலில் நிக்கலின் படங்கள் சில செதுக்கோவியங்களாக இடம்பெற்றன.

1848 என்ற ஆண்டைக் கேட்டதும் மாத்தளை மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைக்கு நினைவுக்கு வருவது சித்திரப் பயணமா? துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாதென்று வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் வேலை செய்யவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்றொரு சட்டம். இராசகாரியம் என்னும் பழைய கட்டாய ஊழியத்தை 1832இல் ஒழித்துப் பெருமை பெற்ற ஆட்சி, பதினாறே ஆண்டில் வேறு பெயரில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஜூலை இறுதியில் தம்புள்ள விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டப்பட்டது. கிளர்ந்த மக்கள் இந்தச் சாலை வழியே தெற்கே இறங்கி மாத்தளையை அடைந்தனர். ஆளுநர் டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். ஆகஸ்ட் 8ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவியுடையோடு ஒரு பிக்குவையும் சுட்டார்கள். நேரடி வரிகளுக்கு வழிகாட்டிய நிதி அறிக்கையை எழுதியவர் யார் என்றால், ஓவியரைக் காட்டுக்கு அழைத்துச் சென்ற அதே டெனன்ட்தான்.

அந்த ஆண்டில், அந்த வட்டாரத்தில், தூரிகையோடு ஒருவர் உலவினார். நிக்கல் என்றதும் எம் கண்முன் எழுபவை எவை? பாசி படர்ந்த தூண், நீரில் நிழல் விழுந்த தாகபை, முன்னே நுணுக்கமாக வரையப்பட்ட கொடியும் பூவும். மனிதன் உண்டு. தலைப்பாகையோடு, தூணின் அடியில், அளவுகோலாக உண்டு.

கிளர்ச்சிக்காரரின் பக்கம் நின்று அவர் கொடி வரைந்திருக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தமக்கு ஊதியம் தந்த ஆட்சியை எதிர்த்து எல்லா ஓவியரும் எழுவதில்லை. எம்மை உறுத்துவது வேறொன்று. அவர் இங்கிருந்த அந்த ஆண்டுகளில்தான் அவர் பிறந்த அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்தனர். தாமும் ஓர் ஆளப்படும் நாட்டின் தொழிலாளி மகன். இலங்கைக் குடியானவனை ஓர் அண்டை வீட்டானாகப் பார்க்க அவரைவிடத் தகுதியுள்ளவர் யார்? அதற்கு அவரிடம் கண் இருந்தது, கை இருந்தது, வாழ்வனுபவமும் இருந்தது. ஆனால் அவர் கற்றிருந்த கலைமரபில் அந்தப் பார்வைக்கு இடமில்லை. மரபு என்பது எவ்வளவு வலியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அவர் வரைந்த குளங்களையே எடுத்துக்கொள்வோம். காடு சூழ்ந்து, கட்டு உடைந்து, தாமரை மண்டிய குளம் கண்ணுக்கு இனிதுதான். ஆனால் குளம் தானாக இருப்பதில்லை. குளக்கட்டை ஆண்டுதோறும் மண்ணிட்டு உயர்த்தவேண்டும். துருசைத் துப்புரவு செய்யவேண்டும். வான் பாயும் இடத்தைக் கல்லடுக்கிக் காக்கவேண்டும். வாய்க்காலில் படிந்த சேற்றை ஊரே கூடி வாரவேண்டும். இந்தக் கூட்டுழைப்பு நின்றபோதுதான் கட்டு உடைந்தது. கட்டு உடைந்தபோதுதான் காட்சி அழகாயிற்று. எழிற்காட்சி ஓவியன் ஏரிக்கரையில் கண்டது இயற்கையை அல்ல, நின்றுபோன வேலையை. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவாவி 1887இல் திருத்தப்பெற்று மீண்டும் நீர் நிறைந்தபோது அதன்கீழ் நெல் விளைந்தது. அழகுக்காரர் சிலருக்கு அதில் இழப்பு இருந்திருக்கலாம்.

இதே சாலைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நிக்கல் தாளைப் பரப்பிய அதே நாற்பதுகளில், தமிழகத்து வறண்ட ஊர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடந்து, தம்புள்ள, நாலந்த வழியாக மாத்தளையை அடைந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியோரங்களில் வீழ்ந்தவர் பல்லாயிரவர். குளம் அவர்களுக்கு எழிற்காட்சி அன்று; குடிக்கக் கிடைத்த நீர், பலருக்கு நோய் தந்த நீரும் அதுவே. மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல்தான். அதுவரை இந்த மண்ணில் அவர்கள் காலடி பட்டது. பலாபத்வலச் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது அந்தக் காலடிகளைத்தான் நாம் நினைத்துக்கொண்டோம். அந்த நடையை நேரில் கண்டு வரைந்த படம் எதையும், எழிற்காட்சித் தொகுதிகளைப் புரட்டியபோது நாம் காணவில்லை. வரையக்கூடியவர் இதே பாதையில் சென்றார் என்பதுதான் வேதனை.

மனிதனைப் பொட்டாக்கும் பார்வை தவிர வேறு பார்வை இல்லையா? தமிழ் படித்தவர் இந்தக் கேள்விக்கு வெளிநாடு செல்லவேண்டியதில்லை. தொல்காப்பியம் நிலத்தைப் பேசும் முறையை எண்ணுக. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் ஆகியவை கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். மரத்தையும் பறவையையும் சொல்லும் அதே மூச்சில் தொழிலையும் பறையையும் சொல்கின்றது அந்நூல். உழைப்பை நீக்கிவிட்டால் மருதம் என்னும் நிலமே இல்லை. நீரும் சேறும்தான் இருக்கும். இதைச் சொல்வதால் பண்டைச் சமுதாயத்தைப் பொற்காலமாக்குவதாக எவரும் எண்ணவேண்டாம். திணைக் கோட்பாட்டிலும் தலைமக்களுக்கே காதல். வினைவலரும் ஏவன்மரபினரும் ஓரத்தில்தான் நின்றார்கள். எனினும் நிலக்காட்சி என்றால் ஆளில்லாத வெளி என்னும் எண்ணம் அங்கே கிடையாது. அது எமக்குப் பிற்காலத்தில் கப்பலேறி வந்தது.

அடுத்து, அண்மைக்காலச் சான்று. 1943இல் வங்கத்தைப் பஞ்சம் விழுங்கியபோது சித்தப்பிரசாத் என்னும் இளைஞர் மேதினிபூர் மாவட்டத்து ஊர்களில் நடந்தே திரிந்தார். கையில் தாளும் மையும். வழியில் கண்டவரை அங்கேயே நின்று வரைந்தார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், எத்தனை நாள் பட்டினி என்று கேட்டார். அந்தப் படங்களும் குறிப்புகளும் நூலாக வெளிவந்தபோது வெள்ளை ஆட்சி அதைப் பறிமுதல் செய்து அழித்தது. அதே பஞ்சத்தைக் கல்கத்தாத் தெருக்களில் சைனுல் ஆபெதின் கறுப்பு மையால் வரைந்தார். 1946இன் இறுதியில் சோம்நாத் ஹோர் வடவங்கத்து வயல்களுக்குப் போனார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுபவனுக்கே என்ற தேபாகா இயக்கத்தின் நடுவே நாட்குறிப்பு எழுதியபடி வரைந்தார். மறு ஆண்டு தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று அங்கும் அவ்வாறே செய்தார். இவையும் திறந்த வெளிச் சித்திரங்கள்தாம். கொளுத்தும் வெயிலும் பறக்கும் தாளும் காயாத மையும் இவர்களுக்கும் இருந்தன. வேறுபாடு ஒன்றுதான்: எதிரே நிற்பவன் பெயர் இவர்களுக்குத் தெரியும்.

இவ்விடத்தில் எம் நண்பர்கள் சிலரோடும் நாம் சற்று மாறுபடவேண்டியுள்ளது. முற்போக்கு ஓவியம் என்றால் ஏரியை வரையக்கூடாது, வரைந்தாலும் அதன்முன் முட்டி மடக்கிய ஒரு கையை நிறுத்தவேண்டும் என்று எண்ணுவோர் எம்மிடையே உளர். ஒரு சித்திரப் போட்டியில், வயல்வெளிப் படத்தின் நடுவே திடீரென்று ஒரு பெரிய சங்கிலி அறுந்து தொங்கக் கண்டோம். அதற்குப் பரிசும் கிடைத்தது. அந்த மாணவன் வயலையும் பார்க்கவில்லை, சங்கிலியையும் பார்க்கவில்லை. துணி துவைக்கும் பெண்ணைச் சிவப்புப் புள்ளியாக்குவது ஒரு வாய்பாடு. அவளைச் சிவப்புக் கொடியாக்குவது இன்னொரு வாய்பாடு. இரண்டிலும் அவளுடைய சாம்பல் நிறச் சீத்தை காணாமற் போய்விடுகின்றது. அழகை உழைக்கும் மக்களிடமிருந்து பறித்துக்கொண்டு அவர்களுக்குச் சுலோகத்தை மட்டும் விட்டுவைப்பது எவ்வகை நியாயம்? நீரில் ஒளி ஆடுவதை ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்க்கும் பயிற்சி எவருக்கும் தீங்கு செய்யாது. அந்த ஓய்வு எல்லாருக்கும் இல்லை என்பதே எமது குறை.

அந்த ஓய்வை ஓரளவேனும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்கிட முயன்றவர்களை இங்கே நன்றியுடன் நினைக்கலாம். 1938இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் தோற்றுவித்த வின்சர் கழகம், 1959இல் அ. மாற்கு தொடங்கிய விடுமுறைக்கால ஓவியர் கழகம் ஆகியன சித்திரத்தைப் பரீட்சைத் தாளிலிருந்து விடுவிக்க முனைந்தவை. கொழும்பில் 1943இல் எழுந்த 43 குழுவினர் பழகிய எழிற்காட்சியை உடைத்தெறிந்தனர் என்பதும் உண்மை. அவர்களுள் ஐவன் பீரிஸ் இங்கிலாந்தில் இருந்துகொண்டு தீட்டிய இலங்கைக் கடற்கரைகளில் தனித்து நிற்கும் உருவங்கள் அளவுகோல்கள் அல்ல, நினைவின் பாரம் சுமப்பவை. ஆயினும் அந்தக் குழுவின் சாதனைகள் கிராமப் பள்ளிச் சித்திர அறையை எவ்வளவு தூரம் எட்டின என்று கேட்டால், இரு மலைக்கு நடுவே அந்தச் சூரியன் இன்னும் உதித்துக்கொண்டுதான் இருக்கின்றது.

நாலந்தக் கரைக்கு மீள்வோம். அந்த நண்பகலில் நாம் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. ஒன்பது புள்ளிகளையும் சுட்டி, அந்தப் பெண் என்ன நிறம் உடுத்தியிருக்கின்றாள் என்று மட்டும் கேட்டோம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. பிறகு மாணவியர் இருவர் எழுந்து கரைக்குப் போனார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்கோ பள்ளியில் படித்த சிங்களம் கொஞ்சம். அக்கா என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. அது போதுமானதாயிற்று.

அவர்கள் திரும்பி வந்து கூறியது இது. தன் தாயின் வீடு இருந்த இடம் அதோ என்று அவள் ஈரக் கையால் நீரின் நடுவே காட்டினாளாம். நாம் காலை முழுவதும் இயற்கையென்று வரைந்துகொண்டிருந்த நீர்ப்பரப்பு எழுபதுகளில் மகாவலித் திட்டத்துக்காகத் தேக்கப்பட்டது. பழமையின் உருவாக எல்லாரும் தாளின் மையத்தில் நிறுத்தியிருந்த கெடிகே, பல்லவர் பாணியும் பௌத்த வழிபாடும் கலந்த அந்தக் கற்கோயில், ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற தாழ்நிலத்திலிருந்து கல் கல்லாகக் கழற்றப்பட்டு இந்த மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. அதைக் காப்பாற்றியவர்களை நாம் மெச்சுகின்றோம். கல்லுக்கு எண்ணிட்டுப் பெயர்த்துக் கொண்டுவரும் பொறுமை அந்நாளில் இருந்தது. வீடுகளை எவரும் எண்ணிட்டுக் கொண்டுவருவதில்லை. திட்டமே வேண்டாமென்று கூற நாம் துணியோம். இந்த நீர் வடக்கே வறண்ட வயல்களுக்குப் போகின்றது, அங்கே மக்கள் உண்ணுகின்றார்கள். ஆனால் இதையெல்லாம் அறிந்தபின் அதே நீரை அதே நீலத்தால் தீற்ற முடியுமா?

பிற்பகலில் மீண்டும் வரைந்தார்கள். இம்முறை ஆசிரியர் ஒரு நிபந்தனை விதித்தார்: எல்லாம் பென்சிலில் இருக்கட்டும், வண்ணம் மூன்று இடங்களில் மட்டும், எந்த மூன்று என்பதை அவரவர் தீர்மானிக்கவேண்டும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவேண்டும். சிலர் பழையபடி வானத்துக்கும் மரத்துக்கும் பூவுக்கும் செலவிட்டுவிட்டார்கள். ஒருவன் துருசின் துருப்பிடித்த இரும்புக்கு மட்டும் செங்காவி தீற்றி, மற்ற இரண்டையும் பயன்படுத்தவேயில்லை. ஏனென்று கேட்டதற்குத் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் அதுதானே என்றான். கெடிகேயின் கற்களிலே ஒன்றை மட்டும் வேறு சாயலில் வரைந்தவள் ஒருத்தி. அது இடம் மாறிய கல் என்றாள். எல்லாமே இடம் மாறியவைதாமே என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

காலையில் மிகச் சிறப்பாக நீரை வரைந்திருந்த ஒரு மாணவியின் தாளை நாம் கடைசியாகப் பார்த்தோம். நீர் இருந்தது; பென்சில் கோடு மிகக் குறைவு. கல்லின்மேல் குனிந்திருந்த பெண் இம்முறை தாளில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தாள். முதுகின் வளைவும் தோளின் இறுக்கமும் சரியாக வந்திருந்தன. முகம் சற்றுத் தவறியிருந்தது. மூன்று இடத்து வண்ணத்தில் ஒன்று செம்மஞ்சள் பிளாஸ்டிக் வாளிக்கு. ஒன்று கரைப் புதரில் காயப்போட்டிருந்த பள்ளிச் சீருடையின் வெண்மையைச் சூழ்ந்த மெல்லிய நீல நிழலுக்கு. மூன்றாவதுக்காக அவள் நீண்ட நேரம் பெட்டியின் மூடியில் கலந்துகொண்டிருந்தாள். கறுப்பில் நீலம் சேர்த்தாள், காவி சேர்த்தாள், நிறைய நீர் விட்டாள், தாளின் ஓரத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெளிறிய அந்தச் சாம்பல் எளிதில் அகப்படவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் அழைத்தபோதும் அவள் கலந்துகொண்டிருந்தாள்.